டார்க் ஃபேண்டசி படங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெகுஜன சினிமாவைப் பரிந்துரைக்கும்போது நாம் அதிகம் விளக்க வேண்டியிருப்பதில்லை. நடிகர் யார், இயக்குநர் யார் என்று சொன்னாலே கேட்பவரின் மனத்தில் பாதிப் படம் ஓடிவிடும். பாட்டு எப்படி இருக்கும், சண்டை எப்படி இருக்கும், முடிவு எந்தத் திசையில் போகும் என்பதையெல்லாம் அவரே ஊகித்துக்கொள்வார். எஸ்டோனியாவிலிருந்தோ செக் நாட்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த ஒரு படத்துக்கு அந்த வசதி இல்லை. நாம் சொல்லும் நான்கைந்து வாக்கியங்களை நம்பித்தான் ஒருவர் தம் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்கிறார். அவை தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கிவிட்டால், எவ்வளவு சிறந்த படமும் அவரிடம் எடுபடாமல் போகும். அந்த ஒரு படத்தோடு நிற்காமல், அவ்வகைப் படங்கள் அனைத்தையுமே அவர் ஒதுக்கிவிடக்கூடும் என்பதுதான் பெரிய இழப்பு.

தமிழிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 2010 பொங்கலுக்கு வெளியான செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் முற்பகுதி, காணாமல் போன ஓர் ஆய்வாளரைத் தேடிச் செல்லும் சாகசப் பயணம். பிற்பகுதியில் அது பசியும் இருளும் தின்றுகொண்டிருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் கதையாக மாறுகிறது. சாகசத்துக்காக வந்தவர்களில் பலர் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வெளியான காலத்தில் கருத்துகள் இரண்டாகப் பிளந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகு, இது எப்படிப்பட்ட படம் என்று தெரிந்துகொண்டு பார்த்தவர்கள் அதைக் கொண்டாடத் தொடங்கினார்கள். பரிந்துரைப்பவரின் வேலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரிந்து தமிழில் வேறில்லை. படத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையில் சரியான எதிர்பார்ப்பை அமைத்துக் கொடுக்க வேண்டும். புகழ்ச்சிக்கு அதற்கடுத்த இடம்தான்.

முதல் படி: எந்த வகைப் படம் என்பதில் நீங்கள் தெளிவாக இருங்கள்

பேய்ப்படத்தையும் டார்க் ஃபேண்டசியையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதிலிருந்துதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. பேய்ப்படத்தின் முதல் நோக்கம் அச்சமூட்டுவது. டார்க் ஃபேண்டசியிலும் அச்சம் உண்டு என்றாலும், அங்கே தனக்கென விதிகள் கொண்ட ஒரு மாய உலகம் இருக்கிறது. அந்த உலகம் மனிதருக்கு எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு விலையும் கேட்கிறது. குழந்தைகளுக்கான மாயக் கதைகளில் கிடைக்கும் ஆறுதல் இங்கே கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ராஹி அனில் பர்வே இயக்கி 2018இல் வந்த 'தும்பாட்' இந்திப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை ஓயாத ஒரு மராட்டியக் கிராமம், ஹஸ்தர் என்ற சபிக்கப்பட்ட தெய்வம், அந்தத் தெய்வத்திடமிருந்து பொற்காசு பறிக்கத் துணியும் ஒரு மனிதன் ஆகியவற்றைக் கொண்ட இந்தக் கதை, 1918இல் தொடங்கி நாடு விடுதலை அடையும் 1947 வரை செல்கிறது. 'செம பேய்ப்படம்' என்று சொல்லி அனுப்பினால், பார்ப்பவர் திடுக்கிட வைக்கும் காட்சிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேராசை தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் கதை என்று சொல்லி அனுப்பினால், அவர் அந்த மனிதனின் முகத்தைக் கவனிப்பார்; படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இந்தப் படம் 2024 செப்டம்பரில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிச் சொல்லி அதற்கான பார்வையாளர்கள் உருவாகியிருந்தார்கள். எனவே நண்பரிடம் நாம் சொல்லும் சொல்லைச் சிறியதாக எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: படத்தைச் சொல்லும் முன் அவரிடம் கேளுங்கள்

இது எளிய படியாகத் தோன்றும். ஆனால் ஆர்வம் மிகுந்தவர்கள் எப்போதும் தாண்டிக் குதிப்பது இதைத்தான். அவருக்கு அண்மையில் மிகவும் பிடித்த படங்கள் எவை என்று கேளுங்கள். அவற்றில் பிடித்தது கதையா, காட்சிகளா, நடிப்பா என்பதையும் கேளுங்கள். அடுத்து, அவரால் பார்க்கவே முடியாதது எது என்று கேளுங்கள். டார்க் ஃபேண்டசி படங்களில் குழந்தைகள் துன்பப்படும் காட்சிகள் மிக அதிகம், ஏனெனில் இவற்றில் பல நாட்டார் கதைகளிலிருந்து பிறந்தவை. சிலருக்கு ரத்தம் ஒரு பொருட்டே இல்லை; ஆனால் ஒரு குழந்தைக்கு நேரும் தீங்கைத் திரையில் பார்க்க முடியாது. அண்மையில் வீட்டில் ஓர் இழப்பைச் சந்தித்தவருக்கு எல்லாப் படங்களும் எல்லா நேரத்திலும் பொருந்துவதில்லை. இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. கேட்காமல் அனுப்புவதுதான் அக்கறையின்மை.

யாருடன், எதில் பார்க்கப் போகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் தனியாகப் பார்ப்பவருக்கும், ஞாயிறு மதியம் குடும்பத்தோடு கூடத்தில் பார்ப்பவருக்கும் ஒரே படத்தைச் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: முதல் படத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்

பத்துப் படங்கள் கொண்ட பட்டியலை அனுப்புவது பரிந்துரை ஆகாது. பட்டியலைப் பெற்றவர் அதைச் சேமித்து வைப்பார், பார்க்க மாட்டார். ஒரு படத்தைச் சொல்லுங்கள். மிஞ்சினால், அது கிடைக்காத நிலையில் பார்ப்பதற்கு மாற்றாக இன்னொன்று.

அந்த முதல் படம், அவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஏதாவது ஒன்றைத் தன்னுள் கொண்டிருக்க வேண்டும். தமிழ் ரசிகர் ஒருவருக்கு நான் பெரும்பாலும் 'பிரமயுகம்' என்ற மலையாளப் படத்தைத்தான் முதலில் சொல்வேன். ராகுல் சதாசிவன் இயக்கி 2024 பிப்ரவரியில் வந்த இந்தப் படம், முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடும் ஒரு பாணன் காட்டுக்குள் சிதைந்து கிடக்கும் ஒரு மனைக்குள் அடைக்கலம் தேடி நுழைகிறான்; அதன் தலைவர் விருந்தளிக்கிறார், சூதாட அழைக்கிறார். மம்மூட்டி என்ற பெயரும், காதுக்குப் பழகிய மலையாளமும், அதிகாரமும் சாதியும் எப்படி இயங்கும் என்று நமக்குத் தெரிந்திருக்கும் அறிவும் சேர்ந்து, கறுப்பு வெள்ளை என்ற தயக்கத்தைத் தாண்ட வைத்துவிடும். மிகச் சில பாத்திரங்களை வைத்துக்கொண்டே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நகரும் படம் இது என்பதை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாட்டார் கதைகளில் ஈடுபாடு உள்ளவருக்கு, பாஸ்கர் ஹசாரிகா இயக்கிய 'கொத்தானோடி' என்ற அசாமியப் படம் இருக்கிறது. லக்ஷ்மிநாத் பெஸ்பரூவா தொகுத்த பாட்டி கதைகளிலிருந்து நான்கை எடுத்து, ஒன்றோடொன்று பின்னியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பின்னாலேயே உருண்டு வரும் ஒரு பழம், மலைப்பாம்புக்கு மணமுடிக்கப்படும் மகள் என்று நம் ஊர்க் கதைகளுக்கு நெருங்கிய உறவுடைய உலகம் அது. ஆனால் கைக்குழந்தைகளின் மரணமும் மாற்றாந்தாயின் கொடுமையும் அதன் நடுவில் இருக்கின்றன. இரண்டாம் படியில் கேட்ட கேள்விக்கு இங்கே பயன் இருக்கிறது.

ஆங்கிலப் படங்களோடு பழகியவரை அடுத்த கட்டத்துக்கு அழைத்துச் செல்ல, கியர்மோ டெல் டோரோவின் 'பான்ஸ் லாபிரிந்த்' போல வாய்ப்பான படம் வேறில்லை என்பது என் கருத்து. 2006இல் வந்த இந்த ஸ்பானிய மொழிப் படம் ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை ஆகியவற்றுக்கு மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

முதல் படமாகச் சொல்லக் கூடாதவையும் உண்டு. ஃபில் டிப்பெட் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்து 2021இல் முடித்த 'மேட் காட்' என்ற பொம்மை அனிமேஷன் படம் ஓர் அரிய சாதனை. ஆயினும் அதில் உரையாடல் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. கதையின் கயிறு கைக்குக் கிடைப்பதற்குள் புதியவர் களைத்துப்போவார். நமக்கு எது மிக உயர்ந்ததோ அதுவே பிறருக்கு முதல் படமாக இருக்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்வது, இந்தப் பணியில் மிகக் கடினமான ஒழுக்கம்.

நான்காம் படி: பரிந்துரையை எழுதும் முறை

வாயால் சொன்னாலும், கைப்பேசியில் செய்தியாக அனுப்பினாலும், ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: ஆண்டும் மொழியும் நீளமும், கதை தொடங்கும் இடம், படத்தின் வேகம், அதில் உள்ள கொடுமையின் தன்மை, இந்த மனிதருக்கு இதை ஏன் சொல்கிறோம் என்ற காரணம். இவற்றில் கடைசி இரண்டையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

'பான்ஸ் லாபிரிந்த்' படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் சுவரொட்டிகளில் ஒன்றில், கொம்புகளைப் போல வளைந்த கிளைகளைக் கொண்ட ஒரு மரத்தை நோக்கி ஒரு சிறுமி செல்கிறாள். அதை மட்டும் பார்த்தால், வீட்டுக் குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்கத்தக்க படம் என்றே தோன்றும். அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்க முடியாது என்ற சான்றிதழும், பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழும் அதற்குத் தரப்பட்டன. 'பெரியவர்களுக்கான மாயக் கதை, கட்டாயம் பார்' என்று மட்டும் அனுப்பினால் இவை எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஸ்பானிய மொழிப் படம், 2006, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியும், 1944இல் மலைக்காடுகளில் சில கெரில்லாக்கள் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ராணுவத்தை எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை வேட்டையாட வந்திருக்கும் ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டுக்கு, அவரை மறுமணம் செய்துகொண்ட கர்ப்பிணித் தாயுடன் ஒரு சிறுமி வந்து சேர்கிறாள். அங்கே ஒரு விந்தை உயிர் அவளுக்கு மூன்று பணிகளைத் தருகிறது. மாயக் காட்சிகளின் அளவுக்கே, சிலவேளை அதைவிடவும், ராணுவக் கொடுமை நேரடியாகக் காட்டப்படுகிறது. தொடக்கத்திலேயே முகத்தில் தாக்கும் ஒரு காட்சி மிகக் கடுமையானது. குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். போர்க்காலக் கதைகளும் நாட்டார் கதைகளும் உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே படத்தில் இவ்வளவு இறுக்கமாகப் பின்னப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை."

இதில் முடிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த மாய உலகம் உண்மையா, சிறுமியின் கற்பனையா என்ற பேச்சும் இல்லை. அந்தக் கேள்வியைப் படம் பார்ப்பவரே எழுப்பிக்கொள்ள வேண்டும். 'கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது' என்பதும் ஸ்பாய்லர்தான், அதாவது முன்கூட்டியே சொல்லிச் சுவையைக் கெடுப்பதுதான், ஏனெனில் அதைக் கேட்டவர் படம் முழுவதும் திருப்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார். கொடுமை பற்றி எச்சரிக்கும்போதுகூட, என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல், எப்படிப்பட்ட காட்சி, ஏறத்தாழ எந்தப் பகுதியில் வருகிறது என்பதைச் சொன்னால் போதும்.

வரலாற்றுப் பின்னணியை இரண்டு வாக்கியத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களை விட்டுவிடவும் வேண்டாம். ரெய்னர் சார்னெட் இயக்கிய 'நவம்பர்' என்ற எஸ்டோனியப் படத்தில், பழைய வேளாண் கருவிகளைக் கட்டிச் செய்த ஓர் உருவத்துக்குச் சாத்தானிடம் பேரம் பேசி உயிர் வாங்குகிறார்கள்; அதன் பெயர் கிராட், அதற்கு ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது அந்நாட்டு நாட்டார் நம்பிக்கையில் உள்ளது என்பதும், அங்கே உழவர்கள் நீண்ட காலம் ஜெர்மானியப் பிரபுக்களின் கீழ் வாழ்ந்தவர்கள் என்பதும் தெரிந்தால், படத்தின் முதல் இருபது நிமிடம் திகைப்பாக இல்லாமல் வியப்பாக இருக்கும்.

அனிமேஷன் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பொம்மைகள் அசைவதைக் கண்டதும் குழந்தைகளுக்கானது என்று முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஹென்றி செலிக்கின் 'கோரலைன்' (2009) சற்று வளர்ந்த குழந்தைகள் பெற்றோருடன் பார்க்கத்தக்கது. செக் கலைஞர் யான் ஷ்வான்க்மயர் 1988இல் எடுத்த 'ஆலிஸ்' அப்படியன்று. அதில் வரும் முயல் பாடம் செய்யப்பட்ட உடல். அதன் வயிற்றுத் தையல் பிரிந்து மரத்தூள் உதிர்கிறது. அற்புதமான படம். ஆனால் யாருக்கு என்பதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

ஐந்தாம் படி: எந்தப் பிரதி, எந்த சப்டைட்டில், எந்தத் திரை

பழைய படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உலவுகின்றன. மசாகி கோபயாஷியின் 'க்வைதான்' 1965ஆம் ஆண்டு கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற ஜப்பானியப் படம். நான்கு தனிக் கதைகளைக் கொண்டது. முழு வடிவம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். அமெரிக்க வெளியீட்டில், பனிப்பெண்ணைப் பற்றிய இரண்டாம் கதையை அடியோடு நீக்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகக் குறைத்தார்கள். வானத்தையே ஓவியமாகத் தீட்டி அதில் கண்களை வரைந்திருக்கும் காட்சி அந்தக் கதையில்தான் இருக்கிறது. ஆகவே 183 நிமிட வடிவத்தைத் தேடுங்கள் என்று நீளத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தனிக் கதைகள் என்பதால் இரண்டு இரவுகளில் பிரித்துப் பார்க்கலாம் என்பதையும் சொன்னால், நீளத்தைக் கண்டு அஞ்சுபவர்கூட முன்வருவார்.

டப்பிங் செய்த வடிவத்தைக் காட்டிலும் மூல மொழியில் சப்டைட்டிலுடன் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வகைப் படங்களில் குரலே பாதி மாயத்தைச் செய்கிறது. 'பிரமயுகம்' படத்தில் மம்மூட்டியின் குரலை எடுத்துவிட்டால் அந்த மனையின் அச்சமே குறைந்துவிடும். டெல் டோரோ தம் முந்தைய ஸ்பானியப் படத்துக்கு வந்த ஆங்கில சப்டைட்டில்களில் நிறைவு கொள்ளாமல், 'பான்ஸ் லாபிரிந்த்' படத்துக்குத் தாமே அவற்றை எழுதினார். ஆங்கில சப்டைட்டிலை வேகமாகப் படிக்க இயலாத நண்பர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு உரையாடல் குறைந்த படங்களைச் சொல்வது, அல்லது உடன் அமர்ந்து பார்ப்பது நல்லது.

எந்தத் தளத்தில் கிடைக்கிறது என்பதைப் பரிந்துரைக்கும் நாளன்றே தேடிப் பாருங்கள். ஓடிடி தளங்களில் இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. திருட்டுப் பிரதியின் இணைப்பை அனுப்ப வேண்டாம். சட்டமும் உரிமையும் ஒருபுறம் இருக்க, இருளை நுணுக்கமாக ஒளிப்பதிவு செய்த ஒரு படத்தைத் தரம் குறைந்த பிரதியில் பார்த்தால் கறுப்புக் கட்டங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆண்டுதோறும் டிசம்பரில் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாக்களுக்கு நண்பரை அழைத்துச் செல்லுங்கள். பெரிய திரையில், நிறைந்த அரங்கின் மௌனத்தில் பார்க்கும்போது, வீட்டில் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடக்கூடிய படத்தை அவர் இறுதிவரை பார்ப்பார். வீட்டில்தான் என்றால், விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசித் திரையைத் தவிர்த்து, ஹெட்ஃபோனோடு பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பார்த்த பிறகு

'பார்த்தாயா, பார்த்தாயா' என்று நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். பார்த்துவிட்டு வந்து சொன்னால், அவர் முதலில் பேசட்டும். 'புரிந்ததா?' என்று கேட்பது தேர்வு வைப்பதாகும். 'எந்தக் காட்சி மனத்தில் நின்றது?' என்று கேட்டால் பேச்சு தானாக வளரும்.

பிடிக்கவில்லை என்று சொன்னால், எது பிடிக்கவில்லை என்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த படத்துக்கான வழி அதில்தான் இருக்கிறது. கொடுமை அதிகம் என்றால், 1967இல் சோவியத் நாட்டில் எழுத்தாளர் கோகோலின் கதையிலிருந்து எடுக்கப்பட்ட 'விய்' பொருத்தமாக இருக்கும்: இறந்துபோன ஒரு சூனியக்காரியின் உடலருகே மூன்று இரவுகள் ஜபம் செய்ய நேரும் ஓர் இளம் மாணவனின் கதை, எண்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அச்சத்தோடு நகைச்சுவையும் கலந்தது. மெதுவாகப் போகிறது என்றால் 'தும்பாட்' பக்கம் திருப்பலாம். மாயம் போதவில்லை, துயரம்தான் மிகுதி என்றால், அவர் தேடுவது வேறு வகைப் படம் என்று ஏற்றுக்கொண்டு விட்டுவிட வேண்டும். ரசனையை விவாதத்தில் வென்று மாற்ற முடியாது.

பிடித்துவிட்டது என்று சொன்னால், அதே இயக்குநரின் அடுத்த படத்தை உடனே நீட்டாமல், அவரை ஈர்த்தது எது என்பதைப் பின்தொடருங்கள். போரின் நிழலில் வளரும் குழந்தையின் கதை அவரைத் தொட்டிருந்தால் டெல் டோரோவின் 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001) சரியான அடுத்த படம். அதுவும் ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலத்து அநாதை விடுதி ஒன்றில் நடக்கிறது. இன்றைய நகரத்தில் அதே துயரத்தைப் பார்க்க விரும்பினால், போதைப்பொருள் கும்பல்களால் பெற்றோரை இழந்த மெக்சிகோவின் தெருக் குழந்தைகளைப் பற்றி இசா லோபெஸ் எடுத்த 'டைகர்ஸ் ஆர் நாட் அஃப்ரெய்ட்' (2017) இருக்கிறது. கறுப்பு வெள்ளையின் அழகு பிடித்திருந்தால் 'நவம்பர்', அல்லது ஆளுயர நாணல் புதர்களுக்கு நடுவே இரண்டு பெண்களின் பசியைச் சொல்லும் கனேடோ ஷிண்டோவின் 'ஒனிபாபா' (1964). பின்னதில் பாலுறவுக் காட்சிகள் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அவர் பதிலுக்கு ஒரு படத்தைச் சொன்னால், அது எந்த வகையாக இருந்தாலும் அதை விரைவில் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பட்டதை நேர்மையாகச் சொல்லுங்கள். உங்கள் மூன்றாவது பரிந்துரையை அவர் எவ்வளவு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்வார் என்பது, அவருடைய முதல் பரிந்துரையை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.